டெலஸ்கோப் கேம் பண்ணப் போறீங்களா: கட்டுற கேமா, ஓட்டுற கேமா, கலர் போடுற கேமா?

விண்வெளி டெலஸ்கோப் பத்தி ஒண்ணுமே தெரியாத ஒருத்தருக்கு கேம் மூலமா சொல்லிக் குடுக்கணும், ஆனா ஆள் கம்மி, நேரம் அதை விட கம்மி, அப்போ எந்த மாதிரி கேம் எடுக்கிறதுன்னு யோசிக்கிறவங்களுக்காக எழுதுறேன். நான் இதுல கையைச் சுட்டுக்கிட்டவன். ஒரு கேமை முழுசா முடிச்சுட்டு தூக்கிப் போட்டேன், ஒண்ணு பாதியில நிக்குது, ஒண்ணு மட்டும் தேறிச்சு. அதனால நடுநிலையா பேசுறேன்னு பொய் சொல்ல மாட்டேன், எனக்கு ஒரு பக்கம் சாய்வு இருக்கு, படிக்கப் படிக்க உங்களுக்கே தெரியும்.

முதல்ல யாருக்காக பண்றோம்னு பாத்துடுவோம். புதுசா வர்றவங்க கிட்ட "டெலஸ்கோப்பை ஏன் அவ்ளோ மேல அனுப்பி வைக்கிறாங்க"ன்னு கேட்டுப் பாருங்க, பெரும்பாலும் வர்ற பதில் "நட்சத்திரத்துக்குப் பக்கத்துல போனா நல்லா தெரியும்ல". ஹபிள்ங்கிற விண்வெளி டெலஸ்கோப் இருக்கிறது சுமார் 500 கி.மீ. உயரத்துல, சூரியனை விட்டா நமக்கு கிட்டக்க இருக்கிற நட்சத்திரமே சுமார் 40 லட்சம் கோடி கி.மீ. தூரத்துல இருக்கு, இதுல 500 எந்த மூலைக்கு? ஆனா அந்த பதில் சொல்றவங்க முட்டாள் இல்ல, யாரும் அவங்களுக்கு வேற மாதிரி யோசிக்க சந்தர்ப்பம் குடுக்கல, அவ்ளோதான். இதே மாதிரி இன்னும் ரெண்டு தப்பு எண்ணம் எல்லார்கிட்டயும் இருக்கும். ஒண்ணு, பெரிய டெலஸ்கோப்னா பெரிய ஜூம். இன்னொண்ணு, அந்த கலர் கலரான படம் எல்லாம் அப்படியே போன்ல போட்டோ எடுத்த மாதிரி வந்து இறங்குது. ஒரு கேம் இந்த மூணுல ஒண்ணையாவது உடைக்கலேன்னா அது எவ்ளோ அழகா இருந்தாலும் என் கணக்குல பெயில்தான்.

இன்னொரு விஷயம், இதை நான் ரொம்ப லேட்டா புரிஞ்சுக்கிட்டேன். ஆடுறவங்க ஸ்கிரீன்ல பாக்கிறதை கத்துக்கிறது இல்ல, தான் எதை முடிவு பண்றாங்களோ அதைத்தான் கத்துக்கிறாங்க. கீழ வர்ற எல்லா ஆப்ஷனையும் நான் இந்த ஒரே அளவுகோலை வச்சுத்தான் அளக்கப் போறேன், ஆடுறவங்க எடுக்கிற முடிவு நிஜமா டெலஸ்கோப் கட்டுறவங்களோ ஓட்டுறவங்களோ எடுக்கிற முடிவா இருக்கா இல்லையா.

வினாடி வினா

சீக்கிரம் சொல்லி முடிச்சுடுறேன். நான் பண்ணி தூக்கிப் போட்டேன்னு சொன்னது இதுதான். ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப் எந்த வருஷம் போச்சு, கண்ணாடி எத்தனை துண்டு, எந்த உலோகம் பூசியிருக்கு, சரியா சொன்னா நட்சத்திரம் வெடிக்கும், தப்பா சொன்னா ஒரு சத்தம் வரும். ஆடினவங்க எல்லாம் ஜாலியா ஆடினாங்க, ஒரு வாரம் கழிச்சு கேட்டா "தங்கம் பூசியிருக்கு" மட்டும் ஞாபகம் இருக்கு. ஏன் தங்கம்னு கேட்டா "காஸ்ட்லியா இருக்கணும்ல அதான்"னு ஒரு பையன் சொன்னான். தங்கம் நம்ம கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் ஒளியை ரொம்ப நல்லா திருப்பி அனுப்பும், அந்தக் காரணத்தை கேம் எங்கயும் கேக்கவே இல்ல, நான் கேக்க வைக்கல. வாழைப்பழத்துக்குள்ள மாத்திரை வைக்கிற வேலை இது, அதுலயும் புள்ளைங்க பழத்தை தின்னுட்டு மாத்திரையை துப்பிடுதுங்க. வகுப்பு முடியும்போது 5 நிமிஷம் ரிவிஷனுக்கு வேணா வச்சுக்கலாம், கத்துக் குடுக்க ஆகாது.

விரிஞ்சு திறக்கிற 3டி காட்சி

இது எல்லாருக்கும் முதல்ல வர்ற ஆசை, எனக்கும் வந்துச்சு, பாதியில நிக்குதுன்னு சொன்னேனே அது இதுதான். ஜேம்ஸ் வெப் 2021 டிசம்பர் 25 அன்னைக்கு ஏரியன் 5 ராக்கெட்ல மடிச்சு வச்ச குடை மாதிரி கிளம்புச்சு, போற வழியிலயே ரெண்டு வாரத்துல ஒவ்வொண்ணா விரிச்சாங்க, 21 மீட்டருக்கு 14 மீட்டர் இருக்கிற அஞ்சு அடுக்கு வெயில் மறைப்பு, அப்புறம் ரெண்டு பக்கமும் மடிஞ்சிருந்த கண்ணாடி. ஒத்தை இடம் சொதப்பினாலும் மொத்தமும் போச்சுன்னு சொல்ற மாதிரி 344 இடம் இருந்துச்சு. கதையா கேட்டாலே படபடன்னு இருக்குல்ல, கேமா பண்ணா எப்படி இருக்கும்னு தோணுமா தோணாதா!

பண்ணிப் பாத்தா ஒரே ஒரு பிரச்சனை, அங்க ஆடுறவனுக்கு வேலையே இல்ல. வரிசை ஏற்கனவே தரையில வருஷக்கணக்கா யோசிச்சு எழுதி வச்சது. நீங்க பட்டனை அமுக்குறீங்க, அது விரியுது, அடுத்த பட்டன், அடுத்தது விரியுது. சரி வரிசையை ஆடுறவங்களே கண்டுபிடிக்கட்டும்னு மாத்தினேன், அது ஜிக்ஸா பசிள் ஆயிடுச்சு, எதுக்கு வெயில் மறைப்பு முதல்லன்னு யாரும் யோசிக்கல, தட்டித் தட்டிப் பாத்து பச்சை கலர் வந்ததும் அடுத்ததுக்குப் போயிட்டாங்க. அதுக்கு மேல 3டி மாடல் பண்றது, அசைவு குடுக்கிறது, பழைய போன்ல ஓடாம நிக்கிறதுன்னு தலைவலி தனி. மியூசியம் மாதிரி ஒரு இடத்துல பெரிய ஸ்கிரீன்ல வச்சு, பக்கத்துல விளக்கிச் சொல்ல ஆளும் இருந்தா இது அள்ளும், அதை மறுக்கல. தனியா உக்காந்து ஆடுற ஆளுக்கு இது வீடியோதான், நடுவுல நடுவுல பட்டன் வச்ச வீடியோ.

சரி, கட்டுற கேம்

இங்கதான் என் சாய்வு. ஆடுறவங்க கையில கொஞ்சம் காசு, ஒரு ராக்கெட், ஒரு இலக்கு குடுத்துடணும். "ரொம்ப தூரத்துல இருக்கிற பழைய கேலக்ஸியை பாக்கணும்", "கருந்துளையைச் சுத்தி நடக்கிறதை பாக்கணும்", "பக்கத்து நட்சத்திரத்துக்கு கிரகம் இருக்கான்னு பாக்கணும்", இப்படி. அவங்க தேர்ந்தெடுக்க வேண்டியது நாலே நாலுதான்: கண்ணாடி எவ்ளோ பெருசு, எந்த ஒளி, எவ்ளோ குளிர்ச்சி, எங்க நிறுத்துறது. அனுப்பினதும் ஒரு படம் வரும். அந்தப் படம்தான் மார்க்கு, வேற ஸ்கோர் வேணாம்.

இது ஏன் வேலை செய்யுதுன்னா அந்த நாலும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடும். கண்ணாடியையே எடுத்துக்குவோம். ஹபிளோடது 2.4 மீட்டர், வெப்போடது 6.5. அகலத்துல 2.7 மடங்குதான், ஆனா ஒளி சேக்கிற பரப்புல 6 மடங்குக்கு மேல, அதனால பெருசு பண்ணணும்னு கை தானா போகும். போனதும் ராக்கெட் மூக்குக்குள்ள அடங்காதுன்னு கேம் சொல்லும், ஏன்னா ஏரியன் 5 வெளிப்பக்கமே சுமார் 5.4 மீட்டர் அகலம்தான். அப்போ மடிக்கணும், மடிச்சா ரிஸ்க் ஏறும், காசு ஏறும். எடை இன்னொரு தொல்லை, ஹபிளோட ஒத்தைக் கண்ணாடி மட்டும் 828 கிலோ, அதே மாதிரி கண்ணாடியில 6.5 மீட்டர் பண்ணா ராக்கெட் தூக்காது, அதனாலதான் வெப்புக்கு பெரிலியம்ங்கிற லேசான உலோகத்துல சின்னச் சின்ன அறுகோணமா 18 பண்ணி, ஒவ்வொண்ணும் சுமார் 20 கிலோல முடிச்சாங்க. இதையெல்லாம் பாடமா எழுதினா யார் படிப்பா? ஆனா ராக்கெட்டுக்குள்ள அடங்காம மூணு தடவை சிவப்பு லைட் எரிஞ்சவனுக்கு "அறுகோணமா வெட்டலாம்"னு ஒரு கார்டு குடுத்துப் பாருங்க, புதையல் கிடைச்ச மாதிரி வாங்குவான்.

அடுத்தது ஒளி. பழைய கேலக்ஸியில இருந்து கிளம்பின ஒளி வர்ற வழியில பிரபஞ்சம் விரியறதால நீண்டு போய் இன்ஃப்ராரெட்டா வந்து சேருது, அதனால அந்த மிஷனுக்கு இன்ஃப்ராரெட் எடுத்தாகணும். எடுத்தா என்ன ஆகும், டெலஸ்கோப்போட சொந்த சூடே இன்ஃப்ராரெட்ல மினுங்கும், டார்ச் லைட்டை தன் மூஞ்சிக்கே அடிச்சுக்கிட்டு இருட்டுல எதையோ தேடுற மாதிரி. அப்போ குளிர வைக்கணும். வெப்ல வெயில் பக்கம் சுமார் 85 டிகிரி, நிழல் பக்கம் மைனஸ் 233 டிகிரி, நடுவுல அந்த அஞ்சு அடுக்கு மெல்லிசு ஷீட் மட்டும். பூமியைச் சுத்தி கிட்டக்க வச்சா பூமியே சூடு குடுக்கும், அதனால சூரியனுக்கு எதிர்ப்பக்கமா 15 லட்சம் கி.மீ. தள்ளி எல்2-ன்னு சொல்ற இடத்துல வைக்கணும், அங்க வச்சா கெட்டுப்போனா போய் ரிப்பேர் பண்ண முடியாது. பாத்தீங்களா, ஒரு முடிவு இன்னொரு முடிவோட கழுத்தைப் புடிக்குது, நான் எதையும் வலிஞ்சு திணிக்கல, இயற்பியலே கேம் டிசைன் பண்ணி குடுத்துடுச்சு.

ஜூம் பத்தின தப்பு எண்ணமும் இங்கயே உடையும். ஒரே கண்ணாடியில அலைநீளத்தை கூட்டினா படம் மங்கும், கூர்மை திரும்ப வேணும்னா கண்ணாடியை பெருசாக்கணும். வெப் 2 மைக்ரான் (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) அலைநீள இன்ஃப்ராரெட் ஒளியில பாக்கிற கூர்மையும் ஹபிள் நம்ம கண்ணுக்குத் தெரியிற ஒளியில பாக்கிற கூர்மையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அவ்ளோ பெரிய கண்ணாடியை வச்சும். இதை ஒரு ஸ்லைடர்ல தள்ளித் தள்ளிப் பாத்தவங்களுக்கு விளக்கமே தேவைப்படல, நானே அசந்துட்டேன்.

அப்புறம் தோத்துப் போறது. கட்டுற கேமோட பெரிய பலமே நல்ல தோல்விங்க நிஜத்துலயே இருக்கிறதுதான். 1990 ஏப்ரல்ல ஹபிள் போச்சு, படம் மங்கலா வந்துச்சு, பாத்தா கண்ணாடியோட ஓரம் சுமார் 2 மைக்ரான் அதிகமா தேஞ்சிருக்கு, தலைமுடி கனத்துல 50ல ஒரு பங்கு, காரணம் கண்ணாடியை சோதிக்கிற கருவியிலயே ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி உக்காந்திருக்கு. 1993 டிசம்பர்ல ஆளுங்க மேல போய் அஞ்சு தடவை வெளிய இறங்கி சரி பண்ணிட்டு வந்தாங்க. எதனால முடிஞ்சுது, ஹபிள் கிட்டக்க இருந்ததால. இதை கேம்ல "சோதனைக்கு காசு செலவு பண்றியா, மிச்சம் பிடிக்கிறியா"ன்னு ஒரே கேள்வியா வச்சேன், கஞ்சத்தனம் பண்ணவங்களுக்கு சில சமயம் மங்கல் படம் வரும், தாழ்வான பாதையில வச்சிருந்தா ரிப்பேருக்கு ஒரு வாய்ப்பு, எல்2ல வச்சிருந்தா கோவிந்தா.

ஸ்பிட்ஸர்ங்கிற இன்ஃப்ராரெட் டெலஸ்கோப் இன்னொரு மாதிரி அழகு. 2003ல போச்சு, குளிர்ச்சிக்கு வச்சிருந்த திரவ ஹீலியம் 2009 மே மாசத்துல தீந்துடுச்சு, ஆனா கதை முடியல, சூடான நிலையில வேலை செய்யக்கூடிய ரெண்டு அலைநீளத்தை மட்டும் வச்சுக்கிட்டு 2020 ஜனவரி வரைக்கும் ஓட்டினாங்க, 2017ல அறிவிச்ச டிராப்பிஸ்ட்-1 நட்சத்திரத்தோட ஏழு கிரகத்துல பெரும்பங்கு வேலையை செஞ்சது அந்த ஹீலியம் இல்லாத ஸ்பிட்ஸர்தான். அதனால உங்க கேம்ல ஹீலியம் மீட்டர் பூஜ்யத்துக்கு வந்ததும் "கேம் ஓவர்" போட்டுடாதீங்க, அது உண்மையும் இல்ல, ஆட்டத்துக்கும் நல்லதில்ல, மிச்சம் இருக்கிறதை வச்சு என்ன பண்ணலாம்னு கேளுங்க.

குறை இல்லையான்னா நிறைய இருக்கு. முதல் குறை, காசு கட்டுப்பாட்டை சரியா வைக்கலேன்னா எல்லா ஸ்லைடரையும் கடைசி வரைக்கும் தள்ளிட்டு "ஜெயிச்சுட்டேன்"னு உக்காந்துடுவாங்க. ரெண்டாவது, ஒரே மிஷன் இருந்தா ஒரே சரியான விடைதான், ரெண்டாவது ஆட்டத்துல பதிலை ஒப்பிப்பாங்க, அதனால ஒண்ணுக்கொண்ணு முரண்படுற மாதிரி குறைஞ்சது மூணு மிஷன் வேணும். ஒண்ணுல சிறந்த டெலஸ்கோப் இன்னொண்ணுல குருடா இருக்கணும். எக்ஸ்ரே மிஷன் இதுக்கு கச்சிதம், சாதாரண கண்ணாடியை நேருக்கு நேர் வச்சா எக்ஸ்ரே திரும்பாது, உள்ள புகுந்துடும், குளத்துல ஓட்டாஞ்சில்லு விட்டா தண்ணி மேல தத்தித் தத்திப் போகுமே அந்த மாதிரி ரொம்ப சாய்வா உரசினாத்தான் திரும்பும். 1999ல போன சந்திரா எக்ஸ்ரே டெலஸ்கோப்போட கண்ணாடிங்க அதனாலதான் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகின பீப்பாய் மாதிரி இருக்கு. மூணாவது குறைதான் பெருசு, நம்பர் சரி பாக்கிறது. நாலு முடிவு, மூணு மிஷன்னு சொல்றப்போ சின்னதா தெரியும், ஆனா எல்லா சேர்க்கையையும் ஆடிப் பாத்து எதுவும் கோணலா போகலன்னு உறுதி பண்றதுக்குள்ள தாவு தீந்துடும்.

ஓட்டுற கேம்

டெலஸ்கோப் ஏற்கனவே மேல இருக்கு, நீங்கதான் அதோட நேரத்தை பங்கு போடுறீங்க. இதுல ஒரு நிஜமான பதட்டம் இருக்கு, வெப்போட மூணாவது வருஷ நேர ஒதுக்கீட்டுல விஞ்ஞானிங்க கேட்ட நேரம் இருந்த நேரத்தை விட கிட்டத்தட்ட 9 மடங்கு. எட்டு பேருக்கு இல்லைன்னு சொன்னாத்தான் ஒருத்தருக்கு குடுக்க முடியும். அதுக்கு மேல டெலஸ்கோப் நினைச்ச பக்கம் திரும்பாது, வெயில் மறைப்புக்குப் பின்னாடியே இருந்தாகணும்கிறதால எந்த நாள்லயும் வானத்துல 39 சதவீதம்தான் பாக்க முடியும், மத்ததுக்கு மாசக்கணக்கா காத்திருக்கணும். ஹபிளுக்கு வேற தொல்லை, 95 நிமிஷத்துக்கு ஒரு சுத்து சுத்துறதால பூமியே குறுக்க வந்து வந்து மறைக்கும். திடீர்னு எங்கயோ ஒரு நட்சத்திரம் சூப்பர்நோவாவா வெடிச்சா போட்டு வச்ச அட்டவணையை கலைக்கணும், யாரோடதை தள்ளுவீங்க?

1995 டிசம்பர்ல ராபர்ட் வில்லியம்ஸ், ஹபிளை நடத்துற நிறுவனத்தோட டைரக்டர், தனக்குன்னு ஒதுக்கியிருந்த நேரத்தை எடுத்து, ஒண்ணுமே இல்லாத மாதிரி தெரியிற ஒரு துளி வானத்தை 10 நாள் தொடர்ந்து பாக்க வச்சாரு. 342 தடவை எடுத்த படத்தை ஒண்ணா சேத்தா கிட்டத்தட்ட 3,000 கேலக்ஸி. இந்த சூதாட்டத்தை ஒரு கார்டா வச்சா கேம்ல யாரும் எடுக்கவே மாட்டேங்கிறாங்க, எல்லாம் சின்னச் சின்னதா நிச்சயமா கிடைக்கிறதை அள்ளுறாங்க, கடைசியில அதை எடுத்த ஒருத்தர் ஜெயிக்கிறப்போ மத்தவங்க மூஞ்சியை பாக்கணுமே.

ஆனா புதுசா வர்றவங்களுக்கு இது முதல் கேமா சரிவராது, இதை தயங்காம சொல்வேன். ஏன்னா எந்த மனுவுக்கு மதிப்பு அதிகம்னு தெரிஞ்சாத்தான் பங்கு போடுறதுல அர்த்தம் இருக்கு. "குவாசார்" கார்டும் "பழுப்புக் குள்ளன்" கார்டும் கையில இருக்கிறப்போ ரெண்டும் என்னன்னே தெரியாதவங்க மேல போட்டிருக்கிற பாயிண்டை பாத்துதான் எடுப்பாங்க, அப்போ அது டெலஸ்கோப் கேம் இல்ல, கூட்டல் கணக்கு. கட்டுற கேமை ரெண்டு தடவை ஆடினவங்களுக்கு இதை அடுத்ததா குடுங்க, அப்போ பிரமாதமா ஏறும்.

கலர் போடுற கேம்

ஒரே ஒரு ஆள், ஒரு மாசம், காசு இல்லைன்னா நான் இதைத்தான் எடுக்கச் சொல்வேன். டெலஸ்கோப்ல இருந்து வர்றது கறுப்பு வெள்ளைதான். ஒவ்வொரு பில்டர் வழியா ஒரு படம், அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு கலர் குடுத்து மேல மேல அடுக்குறாங்க. 1995ல வந்து உலகம் பூரா சுத்தின அந்த "படைப்பின் தூண்கள்" படம் மூணு பில்டர்தான், கந்தகத்தோட ஒளிக்கு சிவப்பு, ஹைட்ரஜனுக்கு பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம். ஹைட்ரஜனோட அந்த ஒளி நிஜத்துல சிவப்பு, கந்தகத்தோடதும் சிவப்புதான், ரெண்டையும் நிஜக் கலர்ல போட்டா வித்தியாசமே தெரியாது, அதனாலதான் பிரிச்சுப் போட்டாங்க. ஆடுறவங்க கையில அந்த மூணு கறுப்பு வெள்ளை படத்தையும் குடுத்து கலர் போடச் சொல்லுங்க, "அப்போ இது பொய்யா?"ன்னு கட்டாயம் ஒருத்தர் கேப்பாங்க, அந்தக் கேள்வி வந்துச்சுன்னா கேம் பாதி வேலையை முடிச்சுடுச்சு.

இதுக்கு வேண்டிய படம் எல்லாம் நிஜப் படம், ஹபிள், வெப் ரெண்டோட டேட்டாவும் ஆர்க்கைவ்ல பொதுவுல கிடைக்குது, சில மிஷன்ல எடுத்தவங்களுக்குன்னு ஒரு தனிக் காலம் இருக்கும், அது முடிஞ்சதும் யார் வேணாலும் இறக்கிக்கலாம். ஒரு துணை லெவலும் வைக்கலாம், பிரகாசமான நட்சத்திரத்தைச் சுத்தி வர்ற கூர்மையான கதிரை எண்ணி எந்த டெலஸ்கோப்னு கண்டுபிடிக்கிறது. ஹபிள்னா நாலு, வெப்னா ஆறு பெருசும் ரெண்டு சின்னதும், அறுகோணக் கண்ணாடியும் முன்னாடி நிக்கிற தாங்கு கம்பியும் சேந்து பண்ற வேலை அது. ஒரு தடவை கத்துக்கிட்டா அப்புறம் எங்க படம் பாத்தாலும் எண்ணாம இருக்க முடியாது, எனக்கு இன்னும் போகல.

குறை என்னன்னா டெலஸ்கோப் ஏன் மேல போகணும்கிற கேள்வி பக்கமே இது போகாது. மூணு தப்பு எண்ணத்துல ஒண்ணைத்தான் உடைக்கும், ஆனா சுக்குநூறா உடைக்கும்.

இதுக்கு பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி ஒண்ணு இருக்கு, ஒளி வரைபடத்துல கிரகம் தேடுறது. நட்சத்திரத்துக்கு முன்னாடி கிரகம் கடக்கிறப்போ வெளிச்சம் துளி குறையும், வியாழன் அளவு கிரகம் சூரியன் மாதிரி நட்சத்திரத்தை மறைச்சா 1 சதவீதம், பூமி அளவுன்னா 10,000ல ஒரு பங்கு கூட வராது. கெப்ளர் டெலஸ்கோப்போட டேட்டாவை வச்சு 2010ல ஆரம்பிச்ச பிளானட் ஹண்டர்ஸ்ங்கிற இணையத் திட்டத்துல சாதாரண ஜனங்க இப்படி பாத்தே, நாலு நட்சத்திரம் இருக்கிற ஒரு அமைப்புல கிரகம் கண்டுபிடிச்சாங்க, 2012ல அறிவிச்சாங்க. நிஜ விஞ்ஞானத்துல கை வைக்கிற கிக்கு இதுல இருக்கு. ஆனா நேரா சொல்லணும்னா முக்கால்வாசி நேரம் ஒண்ணும் இருக்காது, கோடு கோடா பாத்துக்கிட்டே இருக்கணும், பொறுமை இருக்கிற ஆளுக்குத்தான். கேமா பண்ணணும்னா வேகத்தை நீங்க ஏத்தணும், ஏத்தினா நிஜம் குறையும்.

காகிதமா கம்ப்யூட்டரா

எந்த கேம் எடுத்தாலும் இந்தக் கேள்வி வரும். கட்டுற கேமை நான் முதல்ல கோட் எழுதித்தான் ஆரம்பிச்சேன், மூணு வாரம் ராக்கெட் பறக்கிற அனிமேஷன்ல போச்சு, அப்புறம் ஒரு நாள் கரண்ட் இல்லாதப்போ கார்டுல வெட்டி வச்சு ஆடிப் பாத்தோம், அன்னைக்கு ஒரு சாயங்காலத்துல கண்டுபிடிச்ச ஓட்டைங்க அந்த மூணு வாரத்துல கண்ணுல படவே இல்ல. காகிதத்துல பென்சிலால நம்பரை அடிச்சு மாத்தலாம், "இந்தக் கார்டுக்கு 30 காசு ஜாஸ்தி, 20 ஆக்கு"ன்னு ஆடிக்கிட்டு இருக்கிறப்பவே பேசலாம். நாலு பேர் சுத்தி உக்காந்தா வாக்குவாதம் வரும் பாருங்க, "இன்ஃப்ராரெட் எடுத்துட்டு கூலர் எடுக்காம விட்டா எப்படிடா"ன்னு ஒருத்தன் இன்னொருத்தனை திட்டுறான், அவனுக்கு அரை மணி நேரம் முன்னாடி இன்ஃப்ராரெட்னா என்னன்னே தெரியாது. தனியா போன்ல ஆடுறப்போ இந்த சத்தம் வராது.

கம்ப்யூட்டர் ஜெயிக்கிற இடம் ஒண்ணுதான், ஆனா அது முக்கியமான இடம், படம். கார்டுல "உங்க படம் 3வது தரத்துல மங்கல்"னு எழுத்துல சொல்லலாம், முன்கூட்டியே அச்சடிச்ச அஞ்சாறு படத்துல ஒண்ணை எடுத்துக் காட்டலாம், ஆனா ஸ்லைடரை நகத்த நகத்த கண்ணு முன்னாடி மங்கி கூர்மையாகிற அந்த அனுபவம் காகிதத்துல வராது. கலர் போடுற கேம் காகிதத்துல நடக்கவே நடக்காது, கலர் கண்ணாடித் தாளை மேல மேல வச்சு சமாளிக்கலாம், சுமாராத்தான் இருக்கும். கம்ப்யூட்டர்னு முடிவாச்சுன்னா பிரவுசர்லயே ஓடுற மாதிரி பண்ணுங்க, இன்ஸ்டால் பண்ணச் சொன்னா பாதி பேர் அங்கயே கழண்டுக்குவாங்க. கோடோ (Godot)-ன்னு கேம் செய்யிற சாஃப்ட்வேர் இலவசம், இந்த அளவு கேமுக்கு தாராளம். விஆர் கண்ணாடி பத்தி கேக்காதீங்க, ஒரு செட்டு, முப்பது பேர் வரிசைன்னா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க.

அப்போ எதை எடுக்கிறது

ஒரு குழுவுக்கு, கூட ஒருத்தர் இருந்து நடத்துற மாதிரி, முக்கால் மணி நேரம் இருக்குன்னா கட்டுற கேம், கார்டுல, மூணு மிஷன், கடைசி படம் மட்டும் ஒரு போன்லயோ லேப்டாப்லயோ. நான் இதுலதான் நிக்கிறேன், தேறிச்சுன்னு சொன்னது இதுதான். தனி ஆளா ஆன்லைன்ல ஆடப் போறவங்களுக்கு கலர் போடுறது, அதோட கடைசி லெவலா கட்டுற கேமோட ஒரு துண்டு, அதாவது கண்ணாடி அளவும் அலைநீளமும் மட்டும், அந்த ரெண்டு ஸ்லைடர். ஏற்கனவே கொஞ்சம் விஷயம் தெரிஞ்ச கூட்டம்னா ஓட்டுற கேமுக்கு நேரா போயிடலாம். 3டி விரிப்பு கையில நல்ல மாடல் செய்யிற ஆள் சும்மா இருந்தா மட்டும், அதுவும் கட்டுற கேம் ஜெயிச்சவங்களுக்கு பரிசுக் காட்சியா வைங்க, அவங்க மடிச்ச கண்ணாடி விரியிறதை அவங்களே பாக்கிறப்போ பட்டனே தேவைப்படாது, வாய திறந்து பாப்பாங்க.

எதைப் பண்ணாலும் ஆட்டம் முடிஞ்சதும் மார்க் போடாதீங்க, "ஏன் அங்க நிறுத்தின?"ன்னு ஒரே கேள்வி கேளுங்க. "நட்சத்திரத்துக்குப் பக்கத்துல"ன்னு பதில் வந்தா கேம்ல ஓட்டை, ஆடினவங்க மேல தப்பு இல்ல. என் கார்டு செட்டுல முதல் தடவை அப்படித்தான் வந்துச்சு, ஏன்னா எல்2 கார்டுல படம் போட்டவன் பின்னாடி ஒரு பெரிய கேலக்ஸியை அழகுக்கு வரைஞ்சு வச்சிருந்தான், எல்லாரும் எல்2 அந்த கேலக்ஸிக்குப் பக்கத்துல இருக்குன்னு நினைச்சுட்டாங்க. படத்தை மாத்தினோம், பூமியையும் சூரியனையும் ஒரே பக்கத்துல போட்டு நடுவுல ஒரு குடை வரைஞ்சோம், அதுக்கப்புறம் "வெயில் எல்லாம் ஒரே பக்கத்துல இருந்து வருது, ஒத்தை குடை போதும்"னு பதில் வர ஆரம்பிச்சுது. எக்ஸ்ரே மிஷன்தான் இன்னும் இழுத்துக்கிட்டு இருக்கு, பீப்பாய் கண்ணாடி கார்டுக்கு என்ன விலை வச்சாலும் ஒண்ணு எல்லாரும் எடுக்கிறாங்க இல்ல யாருமே எடுக்க மாட்டேங்கிறாங்க, இப்போதைக்கு 45ல நிக்குது.